திறந்து வைக்கப்பட்ட குழாய்

விண்ணப்பித்து நாற்பத்தொரு நாளும் ஆறு மணித்தியாலமும் கழிந்த பிறகு, ஹிமாயாவின் வீட்டுக்கு பைபர் இணைய இணைப்பு வெற்றிகரமாக வழங்கப்பட்டுவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. ஐந்தாவது தடவையாக. முன்னைய நான்கு செய்திகளைப் போலவே இதிலும் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். வீட்டில் இணைப்பு இல்லை.

அவள் மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று அதை வாசித்தாள். மூன்றாம் மாடியிலுள்ள அவளது வீட்டுக்குள் கைத்தொலைபேசிக்குக் கவரேஜ் வராது. கல்முனைக் கடற்கரைப் பக்கம், கடல் வந்து போன பிறகு கட்டிக் கொடுத்த தொடர்மாடி அது. இன்னொரு கடலையும் தாங்க வேண்டுமென்று சுவர்களைத் தடிப்பாகக் கட்டியிருந்தார்கள். கடல் திரும்ப வரவில்லை. கவரேஜும் வரவில்லை.

ஹிமாயா சம்மாந்துறைப் பல்கலைக்கழக வளாகத்தில் இரசாயனம் படித்து முதல் வகுப்பில் தேறியவள். நாலு வருஷமும் விரிவுரை மண்டபத்தில் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. சந்தேகம் வந்தால் நூலகத்துக்குப் போவாள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறப்பதென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பட்டம் எடுத்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்த பிறகு, அவளுடைய சுபாவத்தை அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு வேலை வந்தது. மலேசியாவிலுள்ள ஓர் ஆய்வுகூடம். ஆற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் என்று அங்கே எடுக்கும் மாதிரிகளின் பரிசோதனை முடிவுகளை இங்கேயிருந்து சரிபார்க்க வேண்டும். யாரோடும் கதைக்கத் தேவையில்லை.

மூன்று நேர்முகத் தேர்வுகளும் மொட்டைமாடியில்தான் நடந்தன. மூன்றாவதில் ஒரு காகம் குறுக்கே கதைத்தது. ஆனாலும் எடுத்துவிட்டார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று. வீட்டில், கதவு பூட்டக்கூடிய அறையில், வயர் வழியாக வரும் இணைப்பு இருக்க வேண்டும். கைத்தொலைபேசி இணைப்பு சரிவராது. கடையில் இருந்து செய்யவும் கூடாது. இரண்டு மாதத்துக்குள் அவர்களே அந்தப் பக்கமிருந்து சோதித்துப் பார்ப்பார்கள்.

உம்மா முஸ்பிறா அன்றைக்கே தன் தையல் மெசினை உள்ளறையிலிருந்து இழுத்து வந்து விறாந்தையில் போட்டாள். வாப்பா மௌத்தான நாளிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மெசினால்தான்.

"நீ உள்ளுக்குக் கதவப் பூட்டிட்டு வேல செய் மகள். எனக்கு வெளியதான் வெளிச்சம் நல்லம்," என்றாள்.

விறாந்தையில் வெளிச்சம் இருந்தது. கடற்காற்றும் இருந்தது. துணியெல்லாம் பறந்தது. ஒரு காலால் துணியையும் மறு காலால் மெசினையும் மிதித்துக்கொண்டு, படியேறி வருகிற எல்லோருக்கும் அவள் மகளின் வேலையைப் பற்றிச் சொன்னாள். தொடர்மாடி முழுக்கச் சொல்லி முடிந்ததும் நிந்தவூரிலிருந்த சொந்தக்காரருக்குச் சொன்னாள்.

முதல் நாள் பவிதரன் வந்தான். பாண்டிருப்பைச் சேர்ந்த இளைஞன். கம்பனியின் மஞ்சள் சட்டை, தோளில் வயர்ச் சுருள். ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுச் சுவரில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதற்குள் கீழ்வரை போகும் குழாய். மூன்றாம் மாடி மூடியைக் கழற்றி, நீளமான கம்பியொன்றை உள்ளே விட்டான். போயிற்று, போயிற்று, நின்றது.

"கீழ எங்கேயோ முட்டுது மிஸ். கீழ்மாடியில இதுக்கொரு வாய் இருக்கவேணும். தேடினன், காணல்ல."

"அப்ப?"

"அடைப்பு," என்று சொல்லித் தன் கைத்தொலைபேசியை எடுத்தான். கம்பனி கொடுத்த பக்கமொன்று அதில் இருந்தது. பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். ஒன்று, இணைப்பு வழங்கப்பட்டது. மற்றது, வீட்டில் ஆளில்லை.

"அடைப்பெண்டு ஒண்டு இல்லியா?"

"இல்ல மிஸ். கம்பனி அடைப்ப எதிர்பாக்கல்ல. ஆளில்லையெண்டு அமத்தினா உங்கட விண்ணப்பம் கான்சலாகிரும். அதுதான் குடுத்தாச்சு எண்டு அமத்துறன். உங்கட நல்லதுக்கு."

"நீங்களே அந்த அடைப்ப எடுக்கேலாதா?"

"கம்பனி வயர் தள்ளும். கல்லு மண்ணுத் தொடாது. கட்டிடம் உங்கட சங்கத்திர பொறுப்பு."

அவன் பொத்தானை அழுத்தினான். அவள் மொட்டைமாடிக்கு ஏறியபோது முதல் வாழ்த்துச் செய்தி அங்கே காத்திருந்தது. இரண்டாம், மூன்றாம் வரவுகளிலும் இதுவே நடந்தது. நான்காவது தடவை ஹிமாயா அவனைச் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

சங்கம் என்றால் தொடர்மாடிக் குடியிருப்பாளர் நலன்புரி, அபிவிருத்தி மற்றும் நல்லிணக்கச் சங்கம். தலைவர் ஸைனுலாப்தீன் ஹாஜியார். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் கூட்டுறவுச் சங்கமும் அவரோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது. செயலாளர் பஹ்மி. ஹாஜியார் சொல்வதை அவன் எழுதுவான். எழுதியதை ஹாஜியாருக்கே வாசித்துக் காட்டுவான். நல்ல கருத்து என்பார் ஹாஜியார்.

ஹிமாயா விஷயத்தைச் சொன்னாள். ஹாஜியாருக்குக் கேட்கவில்லை. பஹ்மி சத்தமாகத் திருப்பிச் சொன்னான்.

"அடைப்பா?" ஹாஜியார் சிரித்தார். "புள்ள, இந்தக் கட்டிடத்தில எது வேணுமெண்டாலும் அடைக்கலாம். கக்கூஸ் அடைச்சிரிக்கி. கழிவுத்தண்ணிக் கான் அடைச்சிரிக்கி. அந்தக் குழாய் மட்டும் அடைக்கேலா. அது திறந்து வெச்ச குழாய். வாங்க காட்டுறன்."

நுழைவாயிலின் இடப்பக்கச் சுவர் முழுக்க நினைவுக் கற்கள். அடிக்கல் நட்டதற்கு ஒன்று, கட்டி முடித்ததற்கு ஒன்று, திறந்து வைத்ததற்கு ஒன்று. தண்ணீர்த் தாங்கி வைத்ததற்கு ஒன்று, அது வெடித்தபின் ஒட்டியதற்கு ஒன்று. படிக்கட்டுக்குக் கைபிடி பூட்டியதற்கும் ஒரு கல் இருந்தது. கைபிடியை யாரோ கழற்றிக்கொண்டு போய் வெகுநாளாகிறது. கல்லை ஒருவரும் தொடவில்லை. ஒரு வேலை நடந்ததற்கு வேலை அத்தாட்சியில்லை, கல்தான் அத்தாட்சி என்பது அந்தச் சுவரைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

கடைசிக் கல்லுக்கு முன்னால் ஹாஜியார் நின்றார். கறுப்புக் கல்லில் பொன் எழுத்து. எதிர்காலத் தொலைத்தொடர்புக் குழாய்வழித் தொகுதி, கௌரவ உறுப்பினர் அவர்களால் மக்கள் பாவனைக்காகத் திறந்து வைக்கப்பட்டது. கௌரவ உறுப்பினரின் பெயரை இங்கே சொல்லத் தேவையில்லை. கல்லில் போதிய அளவு பெரிதாக எழுதியிருக்கிறது.

"வாசிங்க தம்பி," என்றார் ஹாஜியார்.

பவிதரன் வாசித்தான். பிறகு ஸ்குறூ ட்ரைவரின் பிடியால் கல்லைத் தட்டினான். ஓரத்தில் தட்டியபோது சுவரின் சத்தம். நடுவில் தட்டியபோது வெறுங்குடத்தின் சத்தம்.

"ஹாஜியார், வாய் இதுக்குப் பின்னாலதான் இருக்கு."

பஹ்மி தன் செருப்பைப் பார்த்தான். திறப்பு விழாவுக்கு முதல்நாள் கல் பதிக்க வந்த மேசன், சுவரில் எந்த இடத்தைக் கொத்துவது என்று கேட்டிருக்கிறார். ஏன் கொத்த வேண்டும், இங்கே செய்து வைத்தாற்போல ஓர் ஓட்டை இருக்கிறதே என்று யாரோ காட்டியிருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்பது செருப்பைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. குழாய் திறந்த செய்தியைச் சொல்லும் கல், குழாயின் வாயை அடைத்துக்கொண்டு நின்றது.

ஹாஜியார் கல்லை இன்னொருமுறை முழுதாக வாசித்தார்.

"இதில என்ன எழுதியிரிக்கி? திறந்து வைக்கப்பட்டதெண்டு. எழுத்தில திறந்திரிக்கிறத வாயால அடைப்பெண்டு சொன்னா, நாங்க எத நம்புற?"

"கல்லக் கொஞ்சம் கழட்டினா..." என்றாள் ஹிமாயா.

இதை பஹ்மி சத்தமாகத் திருப்பிச் சொல்லவில்லை. ஆனாலும் ஹாஜியாருக்குக் கேட்டுவிட்டது. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

வெளிச்சுவரால் வயரைக் கொண்டு போகலாமே என்று பவிதரன் சொல்லிப் பார்த்தான். கட்டிடத்தின் வடிவு கெட்டுப் போகும், அதற்குச் சங்கம் ஒருக்காலும் சம்மதிக்காது என்றார் ஹாஜியார். வெளிச்சுவரில் டிஷ் அன்டனாக்கள் இருந்தன. காயப்போட்ட சாரன்கள் இருந்தன. மழைநீர்க் குழாயை வெடித்துக்கொண்டு ஓர் ஆலங்கன்று வளர்ந்திருந்தது. அது சங்கத்திடம் அனுமதி கேட்கவில்லை.

பவிதரன் பொத்தானை அழுத்திவிட்டுப் போனான். ஐந்தாவது தடவை வந்தான். கல் அங்கேயே இருந்தது. மறுபடியும் அழுத்தினான். அந்தச் செய்திக்குத்தான் ஹிமாயா ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு, மறுநாள் கம்பனியின் கிளை அலுவலகத்துக்குப் போனாள்.

அங்கே வாடிக்கையாளர் திருப்திக்கென்றே ஒரு மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் ஸஹீத் என்ற அதிகாரி இருந்தார்.

"மிஸ், உங்கட வீட்டுக்கு அஞ்சு தரம் இணைப்புக் குடுத்திரிக்கம். நீங்க ஒரு நட்சத்திரம் போட்டிரிக்கீங்க. என்ன குற?"

"ஒண்டும் வேல செய்யல்ல."

"எந்த இணைப்பு? நம்பரச் சொல்லுங்க."

"நம்பர் தெரியா."

"ரவுட்டர்ட அடியில இரிக்கும்."

"ரவுட்டர் தரல்ல. இணைப்பே தரல்லியே."

ஸஹீத் கணினியை உற்றுப் பார்த்தார். "தந்தாச்சு எண்டுதான் காட்டுது. தரல்லையெண்டா நீங்க ஓன்லைன்ல முறைப்பாடு போடணும். வாயால சொல்ற முறைப்பாட்ட நாங்க எடுக்கிறல்ல."

"வீட்டில இன்டர்நெட் இல்ல."

"அது பிரச்சினையில்ல மிஸ். இணைப்புக் கிடைச்ச உடன போடுங்க."

அவர் கேலி செய்யவில்லை. உதவி செய்துவிட்ட மனுசனின் முகத்தோடு இருந்தார். அதுதான் அவளை அதிகமாகக் களைக்க வைத்தது. வெளியே போகும் வழியில், சேவை எப்படி என்று அழுத்திச் சொல்வதற்கு ஒரு பெட்டி பூட்டியிருந்தார்கள். அதில் சிரிக்கும் முகம் ஒன்று, சும்மா இருக்கும் முகம் ஒன்று, அழும் முகம் ஒன்று. அழும் முகத்தின் பொத்தான் தேய்ந்து உள்ளே போயிருந்தது.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு சங்கத்தின் விசேட பொதுக்கூட்டம் நடந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். பிளேன்ரீ வந்தது. பிஸ்கட் முன்வரிசையோடு முடிந்துவிட்டது. ஹாஜியார் எழுந்தார்.

"நான் பொறுப்பெடுத்த நாளில இரிந்து இந்தக் கட்டிடத்தில ஓடு விழுந்திரிக்கி. படி உடைஞ்சிரிக்கி. தாங்கி வெடிச்சிரிக்கி. சீலிங் கழண்டு ரெண்டாம் மாடி மம்மலி காக்காட தலையில விழுந்திரிக்கி. ஆனா இண்டைக்கு வரைக்கும் ஒரு கல்லு விழுந்ததெண்டு ஆராச்சும் சொல்லுங்க பாப்பம். அதுதான் எங்கட பராமரிப்பு. இப்ப இந்தப் புள்ளக்கு இன்டர்நெட் வேணுமாம். அதுக்காக நாங்க கல்லக் கழட்டணுமாம்."

"கழட்டுற எண்டு கூட்டறிக்கையில எழுதக்கூடா," என்றார் முன்வரிசையில் ஒருவர். "நாளைக்கு அவர்ட ஆக்கள் வந்து கேப்பாங்க."

"அவர்தான் போன எலெக்சன்ல தோத்துட்டாரே."

"தோத்தவர்ட கல்லக் கழட்டினா அது இன்னும் மோசம். வெண்டவர்ட பக்கம் சாஞ்சிட்டம் எண்டு கதை வரும்."

"அப்ப வெண்டவரக் கூப்பிட்டுக் கழட்டுவம்."

"கூப்பிட்டா அவர் சும்மா வருவாரா? அவரும் ஒரு கல்லோடதான் வருவாரு."

கல்லில் நார் உரிக்கும் வேலை மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை நடந்தது. கடைசியில் பஹ்மிதான் வழி கண்டான். கழற்றுதல் என்று எழுதாமல் உயர்த்துதல் என்று எழுதலாம். கல்லை இரண்டு அடி உயர்த்தினால் வாய் திறந்துவிடும். கௌரவ உறுப்பினருக்கும் அது மரியாதை. அவரிடம் ஒரு தூதுக்குழு போய் அனுமதி கேட்கலாம்.

"நல்ல கருத்து," என்றார் ஹாஜியார்.

பின்னாலிருந்து முஸ்பிறா எழுந்து நின்றாள். "ஹாஜியார், கல்லு எங்கேயும் ஓடாது. புள்ளட வேல மாசக் கடைசியில போயிரும். கொஞ்சம் கெதியாப் பாருங்களன்."

"வேல வரும், போகும், முஸ்பிறா. கல்லெண்டா இரிக்கும்."

பஹ்மி அதை எழுதிக்கொண்டான்.

படியேறி வரும்போது முஸ்பிறா சொன்னாள்: "ஒரு சுத்தியலக் கொண்டு போய் நாலு போடு போட்டா முடிஞ்ச வேல."

"உடைஞ்சா புதுக் கல்லுக்கு விழா வெப்பாங்க உம்மா. அது இன்னும் லேட்டாகும்," என்றாள் ஹிமாயா.

தூதுக்குழு போனது. பதவி போன நாளிலிருந்து திறந்து வைக்க ஒன்றும் கிடைக்காமல் இருந்த கௌரவ உறுப்பினர், அவர்களை வாசலுக்கே வந்து கட்டித் தழுவினார். கல்லை உயர்த்த உடனே சம்மதித்தார். ஒரு கல் ஏன் உயர்த்தப்பட்டது என்பது வருங்காலச் சந்ததிக்குத் தெரிய வேண்டாமா என்று மட்டும் கேட்டார். ஆகவே உயர்த்தியதைச் சொல்ல ஒரு கல். அது உயர்த்திய கல்லுக்கு நேர் கீழே இருப்பதுதான் வடிவு.

செய்தி கேட்ட அன்று, கூப்பிடாமலே ஹிமாயா சங்கத்துக்குப் போனாள். அவள் தனியாக அங்கே போய்க் கதைத்தது அதுதான் முதல் தடவை.

"ஹாஜியார், அந்தக் கல்லும் வாயிலதானே வருது."

ஹாஜியார் யோசித்தார். நியாயமாக யோசித்தார். "சரியான கேள்வி புள்ள. படிச்ச புள்ளையெண்டா இதுதான். அப்ப கல்லில ஒரு ஓட்ட போடுவம். வயர் கல்லுக்குள்ளால வரட்டும்."

"நல்ல கருத்து," என்றான் பஹ்மி. அவன் அப்படிச் சொன்னதும் அதுதான் முதல் தடவை.

"அதுவரைக்கும் பழைய கல்ல எடுத்துட்டு வயரப் போட்டா..."

"எப்படிப் போடுற? இப்பவே வாயத் திறந்தா விழாவில எதத் திறக்கிற?"

விழாவுக்கு கௌரவ உறுப்பினர் தந்த திகதி, அடுத்த மாத நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை. அதற்கு முன்னால் அவருக்கு நேரமில்லை என்று ஹாஜியார் சொன்னார். தினமும் மாலை கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரேயுள்ள ஹோட்டலில் கௌரவ உறுப்பினர் ரீ குடித்துக்கொண்டிருப்பதைப் பலர் கண்டார்கள்.

மாதக் கடைசி நாள், மொட்டைமாடியில், மலேசியாவிலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பெண். ஹிமாயா தாங்கியின் நிழலில் நின்று கதைத்தாள்.

"ஓம்... இன்னும் வரல்ல... இல்ல, கம்பனி ரெடி. கல்லுதான்... ஓம், கல்லு. நினைவுக் கல்லு... இல்ல, பெரிசில்ல, ரெண்டடி இருக்கும்... எடுக்கலாம். எடுக்கிறத்துக்கு விழா வைக்கவேணும்... ரெண்டு கிழம... ஓம்... ஓம், விளங்குது... இல்ல, நீங்க என்ன செய்யிற... நன்றி."

கீழே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை கரைக்கு வரும்வரை பார்த்துவிட்டு இறங்கினாள்.

விறாந்தையில் உம்மா மெசினை நிறுத்தினாள். "மலேசியாவா மகள்?"

"ஓம்."

"என்னவாம்?"

"கல்லப் பத்திக் கேட்டாங்க."

"யா அல்லாஹ், ஹாஜியார்ட கல்லு மலேசியாவுக்கும் போயிட்டு," என்று சொல்லி உம்மா சிரித்தாள். ஹிமாயாவும் சிரித்தாள். பிறகு உள்ளே போய், கதவைப் பூட்டிக்கொண்டாள். வேலை தொடங்கினால் இப்படித்தான் இருக்கும் என்று முஸ்பிறா மெசினை மெதுவாக மிதித்தாள்.

புதுக் கல் அக்கரைப்பற்றிலிருந்து வந்தது. ஓட்டையை எங்கே போடுவது என்று தீர்மானிக்க பவிதரனையும் ஹிமாயாவையும் கூப்பிட்டார்கள். பவிதரன் அளவைச் சொன்னான், ஒரு பெருவிரல் போகுமளவு போதும். வாய்க்கு நேரே பார்த்தால் கௌரவ உறுப்பினரின் பெயரின் நடுவில் வந்தது. அது முடியாது. கொஞ்சம் மேலே போனால் பிஸ்மி. அதைத் தொடவே கூடாது. கொஞ்சம் கீழே வந்தால் தலைவர் ஸைனுலாப்தீன் ஹாஜியார். ஹாஜியார் தொண்டையைச் செருமினார். அதற்கும் கீழே செயலாளரின் பெயர்.

"என்ட பேர்ல போட்டாலும் பரவால்ல," என்றான் பஹ்மி. முகம் அப்படிச் சொல்லவில்லை.

"திகதி இரிக்கே," என்றார் ஹாஜியார். "திகதி ஆருக்கு வேணும்?"

திகதியில் போட்டார்கள். உயர்த்துதல் நடந்தது எந்த நாளில் என்பதைத் தவிர மற்ற எல்லாம் கல்லில் இருந்தது. எல்லோரும் ஹிமாயாவைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். இந்தக் கிழமைகளில் அவள் எதற்கும் தலையை ஆட்டினாள். அடம்பிடித்த பிள்ளைக்கு இப்போதாவது பொறுமை வந்தது என்று ஹாஜியார் முஸ்பிறாவிடம் பாராட்டிச் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் பந்தல் போட்டார்கள். ஒலிபெருக்கியைக் கடற்கரைப் பக்கம் திருப்பிக் கட்டினார்கள். முஸ்பிறா மகளுக்குப் புது அபாயா தைத்திருந்தாள். அறைக்கு ஒரு திரைச்சீலையும் தைத்துப் போட்டிருந்தாள், மலேசியாக்காரர் அந்தப் பக்கமிருந்து பார்த்தால் வடிவாகத் தெரிய வேண்டுமென்று. நிந்தவூரிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர் வந்திறங்கினார்கள்.

குர்ஆன் கிறாஅத் ஓதி முடிந்ததும் பழைய கல்லை இரண்டு மேசன்மார் இரண்டு அடி உயர்த்தினார்கள். வாய் தெரிந்தது. அதற்குள் சீமெந்துக் கட்டியும் ஒரு பழைய பிஸ்கட் உறையும் இருந்தன. ஐந்து நிமிஷத்தில் பவிதரன் அவற்றை எடுத்துவிட்டு வயரைத் தள்ளினான். கல் மண்ணைக் கம்பனி தொடாது என்பதை அன்று அவனுக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. புதுக் கல்லைப் பதித்தார்கள். கௌரவ உறுப்பினர் திரையை விலக்கினார். கைதட்டினார்கள்.

முதலில் கம்பனி சார்பாக ஸஹீத் பேசினார். "எங்கட பதிவின்படி இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் இண்டையோட ஆறு தடவ வெற்றிகரமா இணைப்பு வழங்கியிரிக்கம். ஒரு வாடிக்கையாளர இத்தன தடவ திருப்திப்படுத்தின கிளை இந்தக் கரையில வேற இல்ல. அதுக்காகத் தலைமையகம் எங்களுக்கு விருது தந்திரிக்கி."

அடுத்தது கௌரவ உறுப்பினர்.

"இந்தக் குழாய நான் திறந்து வெச்ச அண்டைக்கே சொன்னன், இது எதிர்காலத்துக்கு எண்டு. ஏன் இன்னும் ஒரு வயரும் வரல்லையெண்டு அப்ப சிலபேர் கேட்டாங்க. வந்திருந்தா அது எப்படி எதிர்காலமாகும்? இண்டைக்கு ரெண்டாந்தரமும் நானே இதத் திறந்து வெச்சிரிக்கன். ஒரு ரோட்ட ஒருதரம் திறந்தவங்க இரிக்காங்க. ஒரு பாலத்த ஒருதரம் திறந்தவங்க இரிக்காங்க. ஒரே குழாய ரெண்டுதரம் திறந்த ஒரு தலைவரக் காட்டுங்க. அடைச்சதும் நாங்க, திறந்ததும் நாங்க. நாளைக்கு மக்கள் ஆணை தந்தா இன்னும் திறப்பம், இன்ஷா அல்லாஹ்."

நீண்ட கைதட்டல். மேலேயிருந்து பவிதரன் இறங்கி வந்து, ரவுட்டரில் பச்சை விளக்கு எரிகிறது என்று ஹாஜியாரின் காதில் சொன்னான். ஹாஜியார் அதை ஒலிவாங்கியில் சொன்னார். பந்தலுக்குள்ளே பெண்கள் பக்கத்தில் முஸ்பிறா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப பயனாளி உரை," என்று பஹ்மி அறிவித்துவிட்டு, ஹிமாயாவின் கையில் ஒரு தாளைக் கொடுத்தான். "பயப்படாதீங்க. நான் எழுதியிரிக்கன். பாத்து வாசிச்சாப் போதும்."

அவள் போய் நின்றாள். ஒலிவாங்கி அவள் உயரத்துக்கு மேலே இருந்தது. ஹாஜியாரே அதை இறக்கிக் கொடுத்தார். தாளில் முதல் ஐந்து வரிகள் பெயர்களும் பட்டங்களும். அவற்றை வாசித்தாள். குரல் பெரிதாகக் கேட்டது. தன் குரல்தானா என்று அவளே ஒருமுறை நிறுத்திப் பார்த்தாள்.

"இன்று முதல்," என்று வாசித்தாள். நிறுத்தினாள்.

"இன்று முதல் நான் எனது வீட்டிலிருந்தபடியே மலேசியாவில்," என்று பஹ்மி பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

"வாசிங்க மகள்," என்றார் ஹாஜியார், எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே. "வெக்கப்படுறா. பழக்கமில்ல."

ஹிமாயா தாளை இரண்டாக மடித்தாள். கௌரவ உறுப்பினரைப் பார்க்கவில்லை. ஸஹீதைப் பார்க்கவில்லை. நிந்தவூர்ச் சொந்தக்காரருக்கு நடுவில், கைதட்டுவதற்காக இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டிருந்த உம்மாவைப் பார்த்தாள்.

"அந்த வேல இப்ப இல்ல," என்றாள். ஒலிபெருக்கி அதைக் கடற்கரை வரைக்கும் கொண்டு போனது. "லைன் வரல்லையெண்டு போன மாசக் கடைசியிலயே வேறொராளுக்குக் குடுத்திட்டாங்க, உம்மா."